பதினேழு வயதில் யாரும் செத்துப் போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விக்டோரியா ராணி காலத்து மான்செஸ்டரில் கூலித் தொழிலாளியின் சராசரி ஆயுள் 17 என்று ஞாயிறு இதழில் போட்டிருந்தீர்கள். எங்கள் ஊர் டீக்கடையில் அதைப் படித்த ஒருவர், "பதினேழு வயசுல எல்லாரும் செத்துட்டா மில்லுல யாருய்யா வேலை பார்த்தது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

1842-ல் எட்வின் சாட்விக் என்ற ஆங்கிலேய அதிகாரி தொழிலாளர்களின் சுகாதாரம் பற்றிக் கொடுத்த அறிக்கையில் உள்ள எண் அது. இறந்தவர்களின் வயதையெல்லாம் கூட்டி வகுத்தது, அவ்வளவுதான். அந்த ஊர்த் தொழிலாளர் வீடுகளில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஐந்து வயதைத் தாண்டவில்லை. அத்தனை சைபரும் ஒன்றும் இரண்டும் கூட்டலில் சேர்ந்தால் சராசரி எங்கே நிற்கும்? தப்பிப் பிழைத்தவர்களில் பலர் ஐம்பது அறுபது வரை இருந்திருக்கிறார்கள். அதே அறிக்கையில் ரட்லாண்ட் என்ற கிராமப்புறப் பகுதியின் கூலியாளுக்கு 38, மான்செஸ்டர் பெரிய மனிதர்களுக்கும் 38. நகரத்துச் சாக்கடை காசுள்ளவர்களையும் விடவில்லை. கட்டுரையில் வந்திருக்க வேண்டியது இதுதான்.

அப்புறம் சாவுக்குக் காரணம். 1837-லிருந்து அங்கே அரசுப் பதிவேடு உண்டு. குழந்தைகளுக்கு அதில் எழுதியிருப்பது வலிப்பு, பலவீனம், சில சமயம் பல் முளைப்பு. பல் முளைத்தா பிள்ளை சாகும்? கோடையில் வந்த பேதி எத்தனையோ அந்தப் பெயர்களுக்குள் ஒளிந்திருக்கிறது. பிற்பாடு நீள ரப்பர் குழாய் வைத்த பால் புட்டி வேறு வந்தது, அந்தக் குழாய்க்குள் எதை விட்டுக் கழுவுவது?

எங்கள் பாட்டிக்குப் பிறந்தது ஒன்பது, தங்கியது ஐந்து. போன நாலுக்கும் "மாந்தம்" என்ற ஒரே காரணம்தான் சொல்வாள். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினாளாம். வெண்ணாற்றுத் தண்ணீரை அப்படியே மொண்டு குடித்த கதையையும் அவளேதான் சொல்வாள், ஆனால் இரண்டையும் சேர்த்துச் சொன்னதே இல்லை.

இப்போது மட்டும் என்ன? இரண்டு வருஷம் சிறுநீரகக் கோளாறில் கிடந்து போன தை மாதம் இறந்த பெரியப்பாவுக்குப் பதிவில் 'மாரடைப்பு' என்று எழுதினார்கள். ஏன் சார் என்றால், "கடைசியில எல்லாருக்கும் நெஞ்சு நிக்கிறதுதானே" என்கிறார் எழுதியவர். நான் மல்லுக்கு நின்றேன். சான்றிதழ் கையில் கிடைத்தால் போதும் என்று அண்ணன் என்னை வெளியே இழுத்து வந்துவிட்டார்.

அடுத்த முறை பழைய சராசரி எதையாவது போட்டால், அதில் ஐந்து வயதுக்குள் போனவை எத்தனை என்று பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நீடாமங்கலம்