அழிந்த கோடுகளை மீண்டும் வரைந்தவருக்கு

அன்புடைய பெற்றோர்களுக்கும், சக ஆசிரியர்களுக்கும், முன்னாள் மாணவர்களுக்கும், தங்கள் மேடையை எங்களுக்குத் திறந்துவிட்ட நல்ல உள்ளங்களுக்கும் வணக்கம்.

நாடகம் முடிந்து இரண்டு நாட்கள்தான் ஆகின்றன. ஒப்பனைப் பெட்டிகள் இன்னும் என் மேசையின் மேலேயே இருக்கின்றன. இரவல் வாங்கிய விளக்குகளில் பாதி திரும்பிப் போய்விட்டன, மீதி நாளை போகும். ஒரு வாரம் பொறுத்து நிதானமாக எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குள் சின்னச் சின்ன விவரங்கள் நினைவிலிருந்து நழுவிவிடும் என்ற அச்சம் வந்ததால் இப்போதே எழுத உட்கார்ந்துவிட்டேன். கடைசி 12 நாட்களில், பழகிய நம் அரங்கு கிடைக்காமல் போய் வேறு மேடைக்கு மாற நேர்ந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. நடித்தவர்கள், ஆடியவர்கள், பாடியவர்கள், வாசித்தவர்கள், திரைக்குப் பின்னால் நின்றவர்கள் என 47 மாணவர்களும் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் தங்கள் நாடகத்தை நிகழ்த்தினார்கள். அதற்குக் காரணமான ஒவ்வொருவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். எங்கள் பள்ளி முற்றத்தை நாள்தோறும் பெருக்கும் துப்புரவுப் பணியாளர் அவர். மாணவர்கள் அவரை ஆயாம்மா என்று அழைப்பார்கள்.

எங்களுக்குக் கிடைத்த மாற்று மேடை 24 அடி அகலமும் 16 அடி ஆழமும் கொண்டது. நாங்கள் மூன்று மாதமாகப் பழகிய மேடையின் அகலம் மட்டுமே 36 அடி. பார்வையாளராக இருப்பவருக்கு இது பெரிய வேறுபாடாகத் தெரியாது. ஆனால் பக்கத்திரையிலிருந்து மேடையின் நடுவுக்கு எட்டுக் காலடியில், ஒரு தாளச் சுற்று முடிகிற அந்தக் கணத்தில் சரியாக வந்து நிற்கப் பழகிய பிள்ளைக்கு, ஐந்தே காலடியில் நடு வந்துவிட்டால் மூன்று எண்ணிக்கை கையில் மிஞ்சிவிடும். 12 பேர் கைகோத்துச் சுற்றும் வட்டம் இடித்துக்கொள்ளும். பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவருக்குள் மறைந்துபோவார். நடிப்பும் பாட்டும் மனத்தில் பதிவதைப் போலவே இடமும் உடம்பில் பதிந்துவிடுகிறது. அதை மாற்றுவதற்கு வசனத்தை மாற்றுவதைவிட அதிக நாட்கள் வேண்டும். எங்களிடம் இருந்தவையோ சில மாலைப் பொழுதுகள் மட்டுமே. மாற்று மேடையையும் கடைசி நாளில் மட்டுமே தர முடியும் என்று சொல்லியிருந்தார்கள்.

எனவே முற்றத்தில் அதே அளவுக்கு ஒரு மேடையை வரைந்தோம். விளிம்புக்கு வெள்ளை, நடனத்துக்கு மஞ்சள், நடிப்பவர்கள் நிற்கும் இடங்களுக்கு நீலம் என்று சுண்ணக்கட்டியால் கோடிட்டு, பக்கத்திரைகள் இருக்கும் இடங்களில் செங்கல் துண்டுகளை வைத்தோம். மிஞ்சிய மூன்று எண்ணிக்கைக்கு வழி கண்டுபிடித்தது தாளம் வாசிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவன்தான்: ‘நாலாவது எண்ணிக்கையில உள்ளே வந்தா எட்டுல நடுவுல இருப்பாங்க’ என்றான். ஆறு நாட்கள் அந்தக் கோடுகளுக்குள்ளேயே ஒத்திகை நடந்தது. ஆயாம்மா மாலையில் பெருக்க வரும்போது அந்தக் கோடுகளைச் சுற்றிப் பெருக்கிவிட்டு, வேலை முடிந்ததும் தூணோரம் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவார். நான் அதை ஒரு பொருட்டாகக் கவனித்ததில்லை.

ஆறாம் நாள் இரவு நல்ல மழை. மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஒத்திகை வைத்திருந்தேன். மீண்டும் அளந்து வரைவதற்கே அந்தக் காலைப் பொழுது போய்விடும் என்ற கலக்கத்தோடு வந்தவள், முற்றத்தின் வாயிலிலேயே நின்றுவிட்டேன். ஈரம் இன்னும் காயாத தரையில், விளையாட்டுத் திடலுக்குக் கோடு போடும் சுண்ணாம்புத் தூளால் எங்கள் மேடை மீண்டும் வரையப்பட்டிருந்தது. செங்கல் துண்டுகள் அதே இடங்களில் இருந்தன. நீலக் குறிகளுக்குப் பதிலாக, ஒவ்வொரு இடத்திலும் ஓர் ஓட்டுச் சில்லு. நான் அளவு நாடாவை எடுத்துப் பார்த்தேன்: அகலம் 24 அடி, ஆழம் 16 அடி, மூலைகள் நான்கும் சரியான மட்டத்தில் இருந்தன.

எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, ஆயாம்மா வாளியின் மேல் கிடந்த மூன்று கயிறுகளைக் காட்டினார். வார இறுதியில் முற்றத்தைக் கழுவிவிட வேண்டும். அப்போது கோடு போய்விடுமே என்று முதல் நாளே அளந்து முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். அகலத்துக்கு ஒன்று, ஆழத்துக்கு ஒன்று, மூலைக்கு மூலை குறுக்காக ஒன்று. இளம் வயதில் கட்டட வேலைக்குப் போனவர் அவர். குறுக்களவு இரண்டும் ஒத்துவந்தால்தான் மூலை சரியாக இருக்கும் என்று கொத்தனார்கள் பார்ப்பதைப் பார்த்துப் பழகியவர். மழை விட்டதும், பொழுது விடிவதற்கு முன்பே வந்து, தேங்கிய நீரைத் தள்ளிவிட்டு, தனியாளாக வரைந்து முடித்திருக்கிறார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அது அவருடைய வேலையும் இல்லை.

அந்தக் கயிறுகளைப் பார்த்த எங்கள் தமிழாசிரியர் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நினைவூட்டினார். மாதவி ஆடிய அரங்கை அமைக்க மூங்கிலில் கோல் செய்தார்கள். கோலின் நீளம் 24 விரல். அரங்கு 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைத்ததைக்கூட அங்கே சொல்லியிருக்கிறது. அந்த வரிகளை நான் மாணவியாகவும் ஆசிரியையாகவும் பலமுறை கடந்து போயிருக்கிறேன். அந்தக் கோலைப் பிடித்து அளந்த கை யாருடையது என்று ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

ஆனால் இந்த மடலை எழுதத் தூண்டியது கோடுகள்கூட இல்லை, அந்த ஓட்டுச் சில்லுகளில் ஒன்றுதான். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு நான் கொடுத்திருந்த இடத்திலிருந்து, இடப்பக்கமாக அரையடி தள்ளி அந்தச் சில்லு இருந்தது. மற்றவை எல்லாம் சரியாக இருக்க இது மட்டும் விலகியிருக்கிறதே என்று நான் நகர்த்தி வைக்கக் குனிந்தபோது, ஆயாம்மா, ‘அந்தப் பொண்ணு எப்பவும் அங்கதானே டீச்சர் நிக்குது. முன்னாடி நிக்குற உயரமான பையன் மறைக்கிறான்ல’ என்றார்.

அந்த மாணவியை ஆறு நாட்களாக நான் கண்டித்துக்கொண்டிருந்தேன். குறியில் நில், குறியில் நில் என்று நான் சொல்லும்போதெல்லாம் அவள் வந்து நிற்பாள்; பாட்டு தொடங்கியதும் மெல்ல விலகிப் போவாள். கவனக் குறைவு என்று நினைத்தேன். ஒருமுறை எல்லார் முன்னிலையிலும் அப்படியே சொல்லியும்விட்டேன். நான் பார்ப்பது முன்னாலிருந்து, அதுவும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து. ஆயாம்மா பார்த்தது ஓரத்தில், தூணருகே நின்று. அரங்கில் பாதிப் பேர் உட்காரப்போவது அந்தக் கோணத்தில்தான். அங்கிருந்து பார்த்தால் அவள் முகமே தெரியாது. அவளுடைய தாயும் தந்தையும் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நாடகத்தன்று கண்டேன்.

நான் சில்லை நகர்த்தவில்லை. மற்ற மாணவர்களின் இடங்களைத்தான் அதற்கேற்ப மாற்றினேன். அந்த மாணவியிடம், அன்று எல்லார் முன்னிலையிலும் சொன்னதற்காக, எல்லார் முன்னிலையிலுமே வருத்தம் தெரிவித்தேன். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டபோது, ‘நீங்க கேக்கலையே டீச்சர்’ என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த மூன்று சொற்கள் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இனி ஒரு பிள்ளை குறியை விட்டு விலகி நின்றால், திருத்துவதற்கு முன் அது ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்பேன். அதன் பின்னால் போய் நின்று ஒருமுறை பார்ப்பேன். இதை உங்கள் முன்னிலையில் வாக்காகவே சொல்கிறேன்.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். தனித்தனியாகச் சொல்ல இந்த மடல் போதாது. பின்திரையை ஓர் இரவில் வெட்டிச் சிறிதாக்கித் தைத்துக் கொடுத்த தாய்மார்கள், பணியிலிருந்து நேராக வந்து விளக்குகளைக் கட்டிக் கொடுத்த முன்னாள் மாணவர்கள், தன் இரண்டு பாடவேளைகளை மனமுவந்து விட்டுக்கொடுத்ததோடு கயிற்றின் குறுக்களவைப் பார்த்துக் குழந்தையைப் போல மகிழ்ந்த கணித ஆசிரியர், பொதுத்தேர்வு நெருங்கியும் பிள்ளைகளை ஒத்திகைக்கு அனுப்பிய பெற்றோர்கள், தொண்டை கட்டிப்போன எங்கள் முதன்மைப் பாடகிக்கு மூன்று நாட்கள் பேச்சே கூடாது என்று சொல்லி, அதைக் கண்காணிக்கவும் செய்த மருத்துவர், மேடையை ஒரு சொல் கேட்காமல் தந்தவர்கள் எல்லோருக்கும் தலைவணங்குகிறேன். உங்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் திரை விலகியிருக்காது.

நாடகத்தன்று ஆயாம்மாவை முதல் வரிசையில் உட்காரச் சொன்னோம். அவர் ஓரத்தில், தூணருகே இருந்த இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பாட்டு தொடங்கி, அந்த மாணவி தன் இடத்துக்கு வந்து நின்றபோது நான் மேடையைப் பார்க்காமல் அவரைத்தான் பார்த்தேன். அவர் ஒருமுறை தலையை ஆட்டினார். பிறகு நாடகம் முடியும்வரை அசையவில்லை.

நேற்றுக் காலை அவர் அந்த மூன்று கயிறுகளையும் சுருட்டி என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். நம் அரங்கு திரும்பக் கிடைத்துவிட்டால் இந்த அளவு பொருந்தாதே என்றேன்.

‘அப்ப முடிச்ச அவுத்து வேற போட்டுக்கலாம் டீச்சர்’ என்றார்.

நன்றியுடன்,
நாடகக் குழுவின் பொறுப்பாசிரியை