இடக்கை முதல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அம்மம்மாவும் சுகமாய் இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். போனில் அம்மம்மாவின் குரல் கேட்டதும் அழுகை வந்து சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துபோகிறது. அதுதான் எழுதுகிறேன்.

அம்மம்மாவுக்குச் சட்டை போடும்போது வாதம் வந்த இடக்கையை முதலில் போடுங்கள், பிறகு நல்ல கை. கழட்டும்போது நல்ல கை முதல், இடக்கை கடைசி. சட்டைக் கையைச் சுருட்டி, உங்கள் கையை அதற்குள்ளால் விட்டு, அவரின் விரல்களைச் சேர்த்துப் பிடித்து மெல்ல வெளியே எடுக்க வேண்டும். இங்கே யப்பானுக்கு முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு வந்த முதல் கிழமையே இதைத்தான் பழக்கினார்கள். நாங்கள் இரண்டு வருஷமாக நல்ல கையைப் போட்டுவிட்டு மற்றதை வளைத்து இழுத்தோமே, அம்மம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாரே. அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

யப்பானிலேயே வயது போனவர்கள் கூடின மாகாணம் இந்த அகிதா. பத்துப் பேரில் நாலு பேர் அளவில் 65 தாண்டியவர்கள். நல்ல நெல் விளையும் இடம், ஆனால் கூரையில் ஏறிப் பனி தள்ள இளம் ஆட்கள் இல்லை. நாடு முழுக்க 2024 இல் பிறந்த பிள்ளைகள் 7 லட்சத்துக்கும் குறைவு, இறந்தவர்கள் 16 லட்சம். ஆள் இல்லாமல்தான் 2019 இல் என்னைப் போன்ற வெளிநாட்டு வேலையாட்களுக்கு இந்த விசாவைத் திறந்தார்கள். ஐந்து வருஷம்தான், குடும்பத்தைக் கூப்பிடவும் முடியாது. அதனால் உங்களைக் கூட்டி வர வழியில்லை, அம்மா.

நான் பார்க்கும் ஒரு ஆச்சிக்கு 94 வயது. மகன் தோக்கியோவில். போன மாதம் வந்து பக்கத்தில் அரை மணித்தியாலம் இருந்தார், தாயின் கையை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல். நான்தான் எடுத்து அவர் கையில் வைத்தேன்.

எங்கள் ஒழுங்கையும் இப்படித்தானே? ஏழு வீட்டில் நாலு பூட்டு. 1981 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் 7 லட்சத்துக்கு மேல் சனம், 2012 இல் 6 லட்சமும் இல்லை. யப்பான்காரருக்குப் பிள்ளைகள் பிறப்பது குறைவு. எங்களுக்குச் சண்டையில் செத்ததும் வெளிக்கிட்டுப் போனதும்.

ஆனால் இங்கே 2000 ஆம் ஆண்டிலிருந்து பராமரிப்புக் காப்புறுதி இருக்கிறது. 40 வயதானால் எல்லோரும் கட்ட வேண்டும். பிறகு பராமரிப்புத் தேவைப்பட்டால் பெரும்பாலானவர்களுக்குச் செலவில் பத்தில் ஒரு பங்கைக் கட்டினால் போதும். அம்மம்மாவுக்கு அந்தக் காப்புறுதி நீங்கள் ஒராள்தான். தூக்குவதும் கழுவுவதும் நீங்கள், உங்களுக்கே 61 வயது.

இந்த மாதம் கொஞ்சம் கூட அனுப்பியிருக்கிறேன். காலையில் இரண்டு மணித்தியாலம் உதவிக்கு ஒராளைப் பிடியுங்கள். பெற்ற தாயைக் கூலிக்கு விட்டாள் என்று சனம் கதைக்கும் என்பீர்கள். நானும் கூலிக்குத்தான் இந்த ஆச்சிமாரைப் பார்க்கிறேன் அம்மா, அன்பில்லாமல் பார்க்கவில்லை.

முன்பக்கம் திறக்கிற பருத்திச் சட்டை மூன்று பார்சலில் வருகிறது. இடக்கை முதல், மறந்துவிடாதீர்கள். அம்மம்மாவுக்கு இப்போது நோகிறதா இல்லையா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்