குடும்பப்பெயர்க் கணக்கில் எங்கள் தந்தைக்குப் பிள்ளைகள் இல்லையாம்

குடும்பப்பெயர்களின் தோற்றத்தையும் அவற்றைத் தாங்கியோரின் தொகையையும் தொகுத்து விற்பனை செய்யும் நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

என் தங்கை தங்களிடம் விலை கொடுத்து வாங்கிய அரிய குடும்பப்பெயர் அறிக்கை குறித்தும், அதைத் திருத்தக் கோரி நாங்கள் எழுதியவற்றுக்குத் தாங்கள் அனுப்பிய பதில் குறித்தும் இம்மடலை எழுதுகிறேன். தனிப்பட்ட முறையில் எழுதுவோருக்கெல்லாம் ஒரே பத்தியை அனுப்பிவைப்பது தங்கள் வழக்கமாக இருப்பதால், பலர் பார்வையில் படும்படி எழுதினாலாவது மனிதர் ஒருவர் படிப்பார் என்ற நம்பிக்கையில் இதைப் பொதுவில் வைக்கிறேன். விவரங்கள் யாவும் தங்கள் கோப்பில் இருக்கின்றன. கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. எங்கள் முதன்மையான கோரிக்கை இதுதான். சிங்கப்பூர்த் தமிழர் பெயரில் இரண்டாவதாக நிற்கும் தந்தையின் பெயரைக் குடும்பப்பெயராக எண்ணாதீர்கள். அதைத் தந்தை பெயர் என்றே குறியுங்கள்.

எங்கள் தந்தையின் பெயரைத் தாங்கள் மிக அரிய குடும்பப்பெயர் என்று அறிவித்திருக்கிறீர்கள். தோற்றம் தெளிவில்லை, உலகெங்கும் உயிரோடிருப்போர் ஐவர், ஐவரும் சிங்கப்பூரில், அழியும் நிலையில் உள்ளது என்று வரைபடத்தோடு அச்சிட்டுத் தந்திருக்கிறீர்கள். அந்த ஐவர் வேறு யாருமல்லர். நாங்கள் உடன்பிறந்தோர் ஐந்து பேர். தோற்றத்திலும் மர்மம் ஒன்றுமில்லை. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எல்லை காக்கும் ஐயனாரின் பெயர் அது; அந்தத் தெய்வத்தைக் குலதெய்வமாகக் கொண்ட வீடுகளில் மூத்த பிள்ளைக்கு அப்பெயரையே வைப்பது வழக்கம். கோவில் திருவிழாவன்று யாராவது உரக்கக் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவு பரவலான பெயர் தங்கள் அறிக்கையில் அரியதாக மாறியதற்குக் காரணம், அந்தக் காலத்தில் இங்கே பதிவு செய்த எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதிவைத்ததும், அந்த எழுத்துக்கூட்டலே எங்கள் ஐவரின் பிறப்புச் சான்றிதழிலும் ஏறியதும்தான். எழுத்தரின் செவியைத் தாங்கள் எங்கள் வம்சமாக்கிவிட்டீர்கள்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அறிக்கை வந்த அன்று எங்கள் தாயார் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு, தலைப்பில் கொட்டை எழுத்தில் தம் கணவரின் பெயர் இருப்பதைப் பார்த்து மகிழ்ந்து, அதன் கீழே அவரைத் தேடினார். அவர் அங்கே இல்லை. எப்படி இருப்பார்? அவருடைய பெயருக்குப் பின்னால் அவருடைய தந்தையின் பெயரல்லவா இருக்கிறது? ஆகவே, தம் பெயரைத் தலைப்பாகக் கொண்ட அறிக்கையில் அவருக்கே இடமில்லை. எங்கள் தாத்தாவின் பெயரின் கீழே, முன்பின் தெரியாத பெருங்கூட்டத்தின் நடுவே அவரைக் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். அங்கே அவர் பெயருக்கு எதிரே ஒரு கட்டம். சந்ததி என்பது கட்டத்தின் தலைப்பு. இல்லை என்பது அதிலுள்ள விடை. அவருடைய பெயரோடு அதே குடும்பப்பெயர் கொண்ட அடுத்த தலைமுறை எதுவும் தங்கள் தரவில் அகப்படாததால், தங்கள் கணினி அவருக்குப் பிள்ளைகளே இல்லை என்று முடிவு கட்டிவிட்டது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று, தந்தை வேலைக்குப் போயிருந்த பொழுதெல்லாம் தனியாளாக வளர்த்தெடுத்த எங்கள் தாயார், அந்த ஒரு சொல்லின் மேல் கண்ணாடியை வைத்துவிட்டு நெடுநேரம் எடுக்கவில்லை. அவரையும் தாங்கள் விட்டுவைக்கவில்லை. தாயாரின் கடப்பிதழில் அவருடைய தந்தையின் பெயர் இருப்பதால், அவர் மூன்றாவதாக ஓர் அரிய குடும்பப்பெயரின் கீழ், எங்களோடு தொடர்பில்லாதவராகத் தனியே கிடக்கிறார்.

சந்ததி இல்லை என்ற அந்தக் குறிப்பை நீக்கித் தருமாறு கேட்டோம். அதற்குத் தாங்கள் தந்த பதிலைத்தான் எங்களால் செரிக்க முடியவில்லை. குறிப்பிட்ட நபரின் குடும்பப்பெயரும் விண்ணப்பதாரரின் குடும்பப்பெயரும் பொருந்தவில்லை. ஆகவே அந்தக் குடும்பப்பெயரின் காப்பாளர் ஒப்புதல் அளித்தால் மட்டுமே திருத்த இயலும் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பெயரின் பதிவுகளுக்குப் பொறுப்பாளராகத் தாங்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் அந்தக் காப்பாளர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இருக்கிறார். அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது, எங்களை அவருக்கும் தெரியாது. பெற்ற மகன் தன் தந்தையின் பெயருக்கு எதிரே உள்ள பிழையைத் திருத்துவதற்கு, டர்பனில் இருக்கும் முன்பின் அறியாதவரின் கையொப்பத்துக்குக் காத்திருக்க வேண்டுமென்பது தங்கள் நிறுவனத்தின் விதி.

அவரை நான் குறை கூறவில்லை. 1860 நவம்பரில் ட்ரூரோ என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பனில் கரைசேர்ந்தது முதல், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் பலரின் தந்தை பெயர்களும் பட்டப்பெயர்களும் அங்குள்ள பதிவேடுகளில் உறைந்து, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப்பெயர்களாகவே ஆகிவிட்டன. அவரைப் பொறுத்தவரை அது மெய்யான குடும்பப்பெயர். எங்களுக்கோ அது தாத்தாவின் பெயர். எங்கள் தந்தையோடு முடிந்துவிட்டது. இரண்டும் எழுத்தில் ஒன்றாக இருப்பதாலேயே அவற்றைக் கூட்டி ஒரே தொகையாக்கி, அதற்குத் தரவரிசையும் கொடுப்பது எந்த ஊர்க் கணக்கு?

தந்தை பெயரைத் தந்தை பெயர் என்று அடையாளம் காண வழியில்லை என்று தாங்கள் கூறவும் முடியாது. எங்கள் அடையாள அட்டையில் இரு பெயர்களுக்கும் நடுவே, மகன் என்றோ மகள் என்றோ பொருள்படும் சாய்கோட்டுச் சுருக்கம் (s/o, d/o) ஒன்று இருக்கிறது. இளைய தலைமுறையினர் பலர் அதை விட்டுவிட்டாலும், எங்கள் வயதுக்காரர்களிடம் அது இன்னும் உண்டு. தரவைத் தூய்மைப்படுத்தும்போது தேவையற்ற குறிகளை நீக்குவோம் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தேவையற்ற குறி இதுதான். இவர் இன்னாரின் மகன் என்று வெளிப்படையாகச் சொல்லும் ஒரே சான்றைத் துடைத்துப் போட்டுவிட்டு, மிச்சமிருப்பதில் கடைசிச் சொல் எதுவோ அதுவே குடும்பப்பெயர் என்று முடிவு செய்கிறீர்கள். சாய்கோடு மட்டும் போய் எழுத்துகள் தங்கிவிட்ட இடங்களில் அந்த இரண்டெழுத்தே ஒருவருடைய நடுப்பெயராகிவிடுகிறது. என் தம்பிக்கு அந்தப் பேறு வாய்த்திருக்கிறது.

இந்த நாட்டில் எல்லாரும் அறிந்த பெயர்களையே எடுத்துக்கொள்வோம். 1999 முதல் 2011 வரை அதிபராக இருந்த எஸ். ஆர். நாதனின் முழுப்பெயர் செல்லப்பன் ராமநாதன். செல்லப்பன் என்பது அவருடைய தந்தையின் பெயர். நாதன் என்பதோ அவருடைய சொந்தப் பெயரின் பின்பாதி. 2023இல் அதிபரான தர்மன் சண்முகரத்னத்தின் தந்தை, சிங்கப்பூரின் புற்றுநோய்ப் பதிவகத்தை நிறுவிய நோயியல் பேராசிரியர் கனகரத்னம் சண்முகரத்னம். இங்குள்ள செய்தித்தாள்கள் அதிபர் தர்மன் என்று எழுதுவது அவரோடு உள்ள உரிமையால் அன்று. அவருடைய பெயர் அதுதான் என்பதால். தங்கள் முறைப்படி கணக்கிட்டால் தந்தை ஒரு குடும்பத்தவர், மகன் வேறு குடும்பத்தவர். 1935இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணியின் முன்னெழுத்து அவருடைய தந்தை கோவிந்தசாமியைக் குறிப்பது என்று தமிழ்ப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். தங்கள் ஆய்வாளர்களில் ஒருவருக்குக்கூட இதைக் கேட்கத் தோன்றவில்லை என்பது வியப்பாகத்தான் இருக்கிறது.

அழியும் நிலை என்ற எச்சரிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1873இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன் எழுப்பிய கேள்விக்குக் கணிதம் கற்ற பாதிரியாரான ஹென்றி வாட்சன் விடை காண முயன்றதிலிருந்து, குடும்பப்பெயர்கள் எப்படி அற்றுப்போகின்றன என்ற கணக்கு வளர்ந்து வந்திருக்கிறது. தந்தையிடமிருந்து மகனுக்குப் பெயர் இறங்கும், ஆண்மக்கள் இல்லாத கிளையில் அது நின்றுவிடும் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. எங்கள் பெயர்கள் இறங்குவதற்கென்று வைக்கப்பட்டவை அல்ல. ஒரு தலைமுறை பின்னால் நின்று தாங்கிவிட்டு அடுத்ததற்கு வழிவிடுவதுதான் அவற்றின் இயல்பு. என் பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் இருப்பது என் பெயர். என் தந்தையின் பெயர் அன்று. அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தால் தமிழ்க் குடும்பங்கள் யாவும் தலைமுறைக்கு ஒரு முறை பூண்டற்றுப் போய்க்கொண்டேயிருக்கும். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்நாட்டு வாசிகளில் இந்தியர் 362,274 பேர் என்றிருக்கிறது. பாதிக்கு மேல் தமிழர். இத்தனை பேர் எங்கிருந்து வந்தோம் என்று தங்கள் கணினியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

தங்கள் பதிலின் கடைசி வரியில், எங்களுடைய மெய்யான குடும்பப்பெயரை, அதாவது மூதாதையரின் சமூகப் பட்டத்தைத் தெரிவித்தால் புதிய அறிக்கை தரலாம் என்று சலுகை விலையோடு குறிப்பிட்டிருந்தீர்கள். தாங்கள் கேட்டது சாதியை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதில்லை என்று தீர்மானித்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து பேசினார். 1932இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. எங்கள் தாத்தா தம் பட்டத்தை விட்டது அந்தக் காலத்தில்தான். அவர் வேண்டுமென்றே விட்டதைத் தங்கள் படிவத்தை நிரப்புவதற்காக நாங்கள் தேடி எடுத்து வர முடியாது.

சில வேளைகளில் எங்களுக்கும் சலித்துவிடுகிறது. விமான நிறுவனம் கேட்கிறது, வங்கி கேட்கிறது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கேட்கிறது. சிவப்பு நட்சத்திரம் போட்ட அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடமாட்டேன் என்கிறது. 1849இல் பிலிப்பீன்சை ஆண்ட ஸ்பானிய ஆளுநர் கிளாவெரியா, குடும்பப்பெயர் இல்லாத மக்களுக்காக ஒரு பெயர்ப் பட்டியலே அச்சிட்டு ஊர்தோறும் அனுப்பினார். அதிலாவது இது அரசாணை என்ற ஒளிவுமறைவற்ற தன்மை இருந்தது. இக்காலத்தில் ஆணை இல்லை, ஆளுநர் இல்லை. ஒரு கட்டம் மட்டும் இருக்கிறது. அதில் வேறு வழியின்றித் தந்தையின் பெயரை எழுதுகிறோம். நாங்கள் வேறு வழியின்றி எழுதியதைத் தாங்கள் அள்ளிக்கொண்டு போய், ஆய்வு என்று பெயரிட்டு எங்களிடமே விற்கிறீர்கள்.

மன்னிக்கவும், எல்லாப் படிவங்களுக்கும் தாங்கள் பொறுப்பாக முடியாது. தங்களால் ஆகக்கூடியதை மட்டும் கேட்கிறேன். தந்தை பெயரைத் தந்தை பெயர் என்று குறியுங்கள். ஐஸ்லாந்து மக்களுக்கு இதைத் தாங்கள் ஏற்கெனவே செய்திருக்கிறீர்கள். அந்நாட்டில் தொலைபேசிப் புத்தகத்தையே சொந்தப் பெயரின் வரிசையில்தான் அச்சிட்டார்கள் என்ற விளக்கத்தோடு, அவர்களுடைய பெயர்கள் தந்தைவழிப் பெயர்கள், தொகையில் சேர்க்கப்படவில்லை என்று தங்கள் அறிக்கையின் பின்னிணைப்பிலேயே அடிக்குறிப்பு இருக்கிறது. அதே அடிக்குறிப்பை எங்களுக்கும் இடுவதில் தங்களுக்கு மைச்செலவு அதிகமாகிவிடாது. எங்களைப் போலவே தந்தையின் பெயரைத் தாங்கும் சிங்கப்பூர் மலாய்க்காரர்களின் பெயர்களையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஐந்து பேர், பத்துப் பேர் என்ற சிறு தொகைகளை வெளியிடுவதையும் நிறுத்துங்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் 2010ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து 162,253 குடும்பப்பெயர்களை வெளியிட்டபோது, நூறு பேருக்குக் குறைவானோர் தாங்கிய பெயர்களைச் சேர்க்கவில்லை. ஐவர் மட்டுமே தாங்கிய பெயர் இன்ன ஊரில் இருக்கிறது என்று அச்சிடுவதும் ஒரு வீட்டின் முகவரியை அச்சிடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தமிழரிடையே தலைமுறை தாண்டி வரும் பெயர்களே இல்லை என்று நான் வாதிடவில்லை. மரைக்காயர் என்ற ஒரே பெயர், சிங்கப்பூரில் மரிக்கன் என்றும் பினாங்கில் மெரிக்கன் என்றும் இலங்கையில் மரிக்கார் என்றும் எழுதப்பட்டுக் கடற்கரை நெடுகக் கிடக்கிறது. தாங்கள் அவற்றைத் தனித்தனிப் பெயர்களாக எண்ணி, ஒவ்வொன்றையும் அரிதாக்கியிருக்கிறீர்கள். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில், கடையும் தங்குமிடமுமாக இருந்த கிட்டங்கிகளில் வட்டித்தொழில் செய்த நகரத்தாரின் விலாசம் என்னும் முன்னெழுத்துத் தொடர் பல தலைமுறைகளைச் சுமப்பது. அதைத் தாங்கள் கண்டுகொள்ளவேயில்லை. ஆராய வேண்டிய இடங்கள் இவை.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தந்தையின் பெயரைக் குடும்பப்பெயர்ப் பட்டியலிலிருந்து நீக்கி, தந்தை பெயர் என்று குறியுங்கள். அவருக்கு எதிரே உள்ள சந்ததி இல்லை என்ற குறிப்பை, டர்பன் நண்பரைத் தொந்தரவு செய்யாமல், தாங்களே நீக்குங்கள். எங்கள் ஐவரின் பிறப்புச் சான்றிதழ்களின் நகல்களும் பெற்றோரின் திருமணச் சான்றிதழின் நகலும் தங்களிடம் முன்பே வந்து சேர்ந்துவிட்டன. மீண்டும் கேட்டால் மீண்டும் அனுப்புவோம். அறிக்கைக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

இதற்குப் பதில் எழுதும்போது, வழக்கம்போல் மதிப்பிற்குரிய திரு. என்று தொடங்கி எங்கள் தந்தையின் பெயரை எழுதிவிட வேண்டாம். அவர் காலமாகிவிட்டார். முறையிடுவது நான், என் பெயர் முதலில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஐவரில் மூத்தவன்
சிங்கப்பூர்