ஆவணங்கள் எல்லாம் ஒரே வடிவத்தில்: சனிக்கிழமை கூட்டம்

வணக்கம் நண்பர்களே,

நம் திட்டத்தின் ஆவணங்களில் பாதி மார்க்டவுனில் இருக்கிறது, மீதி ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டில் (இரண்டும் எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் முறைகள்). அடுத்த வெளியீட்டுக்கு முன் எல்லாவற்றையும் காமன்மார்க் (மார்க்டவுனுக்கான பொது வரையறை) விதிப்படி மார்க்டவுனுக்கு மாற்றுகிறோம். இதுபற்றிப் பேச வரும் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு, வழக்கமான காணொளி அறையில் கூடுவோம்.

அதுவரை புதிதாக எழுதுவோர் கவனிக்க:

1. ஒரு கோப்புக்கு ஒரே முதல்நிலைத் தலைப்பு. இரண்டாம் நிலையிலிருந்து நான்காம் நிலைக்குத் தாவ வேண்டாம்.
2. ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி. இதற்குத்தான் முணுமுணுப்பு அதிகம், தெரியும். ஆனால் கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) இயல்பாக மாற்றங்களை வரிவரியாகத்தான் காட்டுகிறது. பத்தியை 80 எழுத்தில் மடித்து வைத்தால், ஒரு சொல்லைச் சேர்த்ததும் கீழ்வரிகளெல்லாம் நகர்ந்துவிடும். எது மாறியது என்று சரிபார்ப்பவர் தேட வேண்டியிருக்கும். வெளியான பக்கத்தில் படிப்பவருக்கோ எந்த வித்தியாசமும் தெரியாது.
3. நிரல் துண்டுகளுக்கு முன்னும் பின்னும் மூன்று பேக்டிக் (`), கூடவே மொழியின் பெயர். கட்டளைக்கு முன் டாலர் குறி போடாதீர்கள்; அதையும் சேர்த்து நகலெடுத்து ஒட்டினால் கட்டளை ஓடாது.
4. படங்களுக்கு மாற்று உரை (படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதை விவரிக்கும் வரி) கட்டாயம்.
5. எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8, வரிமுடிவு எல்எஃப் (லினக்ஸ் முறை).

முக்கியமாக, வடிவ மாற்றத்தையும் உள்ளடக்கத் திருத்தத்தையும் ஒரே கமிட்டில் (கிட்டில் ஒருமுறை பதியும் மாற்றத் தொகுப்பு) கலக்காதீர்கள். தனியாக இருந்தால்தான் கிட் பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கட்டளை) அந்தக் கமிட்டுகளைத் தாண்டிப்போகும்படி பட்டியலில் சேர்க்க முடியும். பட்டியலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எந்தக் கோப்புறையை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். நிறுவல் வழிகாட்டிக்கு ஆள் கிடைத்தாயிற்று. ஏபிஐ (பிற நிரல்கள் நம் நிரலைப் பயன்படுத்தும் இடைமுகம்) பக்கங்களுக்கு இன்னும் இருவர் தேவை.