லூசிடானியா மட்டுமே காரணமல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் முதல் உலகப் போர் பற்றி வந்த கட்டுரை, ‘லூசிடானியா மூழ்கடிக்கப்பட்டதால் அமெரிக்கா போரில் இறங்கியது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் இதே வரிதான் சுற்றுகிறது. தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் இது நிற்காது.

பிரிட்டனின் பயணிகள் கப்பலான லூசிடானியாவை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது 1915 மே 7. ஜெர்மனி மீது அமெரிக்கா போர் அறிவித்தது 1917 ஏப்ரல் 6. கப்பலில் 128 அமெரிக்கர்கள் இறந்தும் ஏறத்தாழ 23 மாதங்கள் அந்நாடு போருக்கு வெளியேதான் இருந்தது. நடுவே 1916 நவம்பர் தேர்தலில், ‘நம்மைப் போரில் சிக்கவிடாதவர்’ என்ற பிரசாரத்தோடுதான் அதிபர் வில்சன் மீண்டும் வென்றார். சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொலை, செர்பியாவுக்கு ஆஸ்திரியா விடுத்த இறுதி எச்சரிக்கை, கூட்டணிகள் என்று ஐரோப்பாவுக்குச் சொல்லும் காரணங்களும் இங்கே பொருந்தா. அமெரிக்காவை எந்தக் கூட்டணி ஒப்பந்தமும் கட்டுப்படுத்தவில்லை.

உண்மையான காரணம் ஜெர்மனியின் நீர்மூழ்கிப் போர். சிக்கல் நீர்மூழ்கியின் அமைப்பிலேயே இருந்தது. அன்றைய கடற்போர் விதிப்படி, வணிகக் கப்பலை நிறுத்திச் சோதித்து, அதில் இருப்பவர்களைப் பாதுகாப்பாக இறக்கிய பிறகுதான் மூழ்கடிக்கலாம். அதற்கு நீர்மூழ்கி மேலே வர வேண்டும். மேலே வந்துவிட்டால் ஒரு சிறு பீரங்கிக் குண்டே அதற்குப் போதும். பிரிட்டனோ சரக்குக் கப்பல்களில் பீரங்கிகளை மறைத்து வைத்து அனுப்பியது. நீருக்கடியிலிருந்தே அடித்தால் நடுநிலை நாட்டவரும் சாவார்கள். பிரான்சின் ‘சசெக்ஸ்’ பயணிகள் கப்பல் தாக்கப்பட்ட பின், 1916 மே மாதம், எச்சரிக்கையின்றி வணிகக் கப்பல்களை மூழ்கடிக்க மாட்டோம் என்று வாஷிங்டனுக்கு ஜெர்மனி வாக்களித்தபோது, தன் கடற்படையின் கையைத் தானே கட்டிக்கொண்டது.

அந்தக் கட்டை அவிழ்க்க முடிவானது 1917 ஜனவரி 9 அன்று. மாதம் 6 லட்சம் டன் கப்பல்களை மூழ்கடித்தால் ஐந்தே மாதத்தில் பிரிட்டன் பணிந்துவிடும், அமெரிக்கப் படை வந்து சேர்வதற்குள் போர் முடிந்துவிடும் என்பது ஜெர்மன் கடற்படைத் தளபதி ஹோல்ட்சென்டார்ஃபின் கணக்கு. பிப்ரவரி 1 முதல் எச்சரிக்கையற்ற, வரம்பற்ற நீர்மூழ்கித் தாக்குதல் தொடங்கியது; 3ஆம் தேதி அமெரிக்கா தூதரக உறவை முறித்தது. டன் கணக்கு பொய்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஏப்ரலில் மட்டும் 8 லட்சம் டன்னுக்கு மேல் மூழ்கியது. ஆனால் அஞ்சி விலகிவிடும் என்று நினைத்த நடுநிலைக் கப்பல்களில் பெரும்பகுதி ஓடிக்கொண்டே இருந்தது. மே மாதம் முதல் போர்க்கப்பல் துணையோடு கூட்டமாகச் செல்லும் முறை வந்ததும் இழப்பு படிப்படியாகக் குறைந்தது.

அமெரிக்காவுடன் போர் வந்தால் தன் பக்கம் சேருமாறு மெக்சிகோவுக்கு டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை ஆசை காட்டிய ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மனின் தந்தி மார்ச் 1 அன்று நாளிதழ்களில் வெளியாகி மக்கள் மனத்தை மாற்றியது. அதைப் போலி என்று மறுத்திருக்கலாம்; மார்ச் 3 அன்று சிம்மர்மனே ஒப்புக்கொண்டார். அதே மாதம் அமெரிக்கக் கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கின. செனட்டில் 82–6, கீழவையில் 373–50 என்ற வாக்குகளில் போர்த் தீர்மானம் நிறைவேறியது.

வங்கிகள் கொடுத்த கடன்தான் அமெரிக்காவை இழுத்தது என்பாரும் உண்டு. 1915 அக்டோபரில் மார்கன் வங்கி வழியாக பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் 50 கோடி டாலர் கடன் திரட்டப்பட்டது உண்மை. அமெரிக்கா எந்தப் பக்கம் சாயும் என்பதை அது காட்டும்; 1917இல் ஏன் இறங்கியது என்பதற்கு அதில் விடை இல்லை.

கட்டுரையோடு வந்த வரைபடத்திலும் ஒரு திருத்தம் வேண்டும். ஆஸ்திரியா-ஹங்கேரி மீது அமெரிக்கா போர் அறிவித்தது 1917 டிசம்பர் 7 அன்றுதான். துருக்கி மீதும் பல்கேரியா மீதும் கடைசிவரை அறிவிக்கவே இல்லை. ஜெர்மனியையும் சேர்த்து இந்த நான்கு நாடுகளையும் அமெரிக்காவின் எதிரிகளாக ஒரே நிறத்தில் காட்டியிருப்பது தவறு.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி.