பறவைக் கூட்டின் படத்துக்குப் பரிசு வேண்டாம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பறவைப் புகைப்படப் போட்டி நடத்தும் மன்றங்களுக்கும் கல்லூரிகளுக்கும்,

வணக்கம். உங்கள் அறிவிப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி எழுதுகிறோம்: "கூடு, முட்டை, கூட்டுக்குள் குஞ்சு உள்ள படங்கள் ஏற்கப்படா."

புதுக் கேமரா வாங்கியவர்கள் முதலில் ஆசைப்படுவது 'ஹம்மிங்பேர்ட்' படத்துக்கு. அந்த ஓசனிச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. நம் வீட்டுச் செம்பருத்திக்கு வருவது தேன்சிட்டு. வெறும் பெயர்க் குழப்பமென்றால் விட்டுவிடலாம். ஆனால் ஓசனிச்சிட்டுக்கான வித்தையை வீடியோவில் பார்த்து, மூன்று நான்கு ஃபிளாஷும் சர்க்கரைத் தண்ணீருமாகக் கிளம்பிவிடுகிறார்கள். ஓசனிச்சிட்டுகளில் பல, நொடிக்கு ஐம்பது முறைக்கு மேல் சிறகடித்து அந்தரத்தில் நின்று தேன் குடிப்பவை. தேன்சிட்டோ பெரும்பாலும் காம்பைப் பற்றி உட்கார்ந்துதான் குடிக்கும். வித்தை பலிக்காதபோது கூட்டைத் தேடிப் போகிறார்கள். அங்கே பறவை ஒரே புள்ளிக்குத் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும். ஃபோகஸை வாசலில் பூட்டிவிட்டுக் காத்திருந்தால் யாருக்கும் படம் கிடைக்கும்.

தேன்சிட்டின் கூடு, சிலந்தி நூலால் பிணைத்துத் தொங்கவிட்ட சின்னப் பை. பக்கவாட்டில் வாசல், அதன் மேல் ஒரு குட்டி இறவாரம். வெளியே பட்டைத் துணுக்கும் சருகும் ஒட்டியிருக்கும். பார்வைக்குக் குப்பை தொங்குவது போலிருப்பதுதான் அதன் காவல். படம் தெளிவாக விழவேண்டுமென்று வாசலருகே இரண்டு இலையைக் கிள்ளினால் வெயில் உள்ளே இறங்கும், வால்காக்கையும் கண்டுகொள்ளும். ஆள் நிற்கும்வரை தாய் இரையோடு பக்கத்துக் கிளையிலேயே தத்தளிக்கும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. "தள்ளி நின்றுதான் எடுத்தேன்" என்று ஒருவர் சொன்னால் நடுவரால் சரிபார்க்க முடியாது. அதனால்தான் விதிவிலக்கே வேண்டாம் என்கிறோம்.

பரிசு கொடுக்க வேறு படமா இல்லை? கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் புல்லுருவி பிடித்த மரத்தை, அது பூத்திருக்கும்போது பாருங்கள். விவசாயிக்கு அது தொல்லை, தேன்சிட்டுக்கு விருந்து. தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பூத்த கிளைக்கு ஐந்தாறு மீட்டர் தள்ளி, காலை வெயில் முதுகில் படும்படி உட்கார வேண்டும். ஆண் தேன்சிட்டின் மினுமினுப்பு சாயத்தால் வருவதல்ல, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. கோணம் தப்பினால் ஊதாத் தேன்சிட்டு வெறும் கறுப்பாக விழும். கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை, நாலடி நகர்ந்து உட்காருங்கள்.

300 மி.மீ. லென்ஸ் போதும். உட்கார்ந்து குடிக்கும்போது ஷட்டர் வேகம் 1/1000 நொடி, அந்தரத்தில் நிற்கும் அந்த ஓரிரு நொடிக்கு 1/3200 நொடி. ஒளியுணர்திறனைக் கேமராவே தேர்ந்துகொள்ளும் ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வுக்கு 6400 என்று வரம்பு வைத்து, அசையும் பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸை அதன் கண்ணில் நிறுத்துங்கள். பின்னால் வானம் வெளுத்திருந்தால் கேமரா ஏமாந்து பறவையை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 ஏற்றவேண்டும். கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணையில் கருந்தண்ணீர் முன்னால் நிற்கும் வெள்ளைக் கொக்குக்கு நேர்மாறாக −0.7 அளவுக்கு இறக்கவேண்டும், இல்லையென்றால் இறகின் வரி எல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் அழிந்துபோகும்.

அணைக்கரையில் இன்னொரு ஏமாற்றம் உண்டு. வெயில் ஏறியபின் தூரத்துப் பறவை எதுவும் கூர்மையாக வராது. லென்ஸ் பழுது என்று சர்வீஸுக்குக் கொண்டு போகிறார்கள். சூடேறிய காற்றின் அலைவு அது. விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது, அல்லது பறவை அருகே வரும்வரை காத்திருக்கலாம்.

கடைசியாக, பரிசுக்குத் தேர்வாகும் படங்களின் மூல ஃபைலை, அதாவது கேமராவில் பதிந்தபடியே திருத்தாமல் உள்ளதை, கேட்டு வாங்குங்கள். காட்சிக்கு வைக்கும்போது மாவட்டப் பெயர் போதும். ஃபைலில் இடக்குறிப்பு பதிந்திருந்தால் நீக்கிவிட்டே வெளியிடுங்கள். படத்தின் கீழே 'ஹம்மிங்பேர்ட்' என்றிருந்தால் திருப்பி அனுப்பி, சரியான பெயரை எழுதி வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இம்மாவட்டங்களின் பறவை நோக்கர்கள் சிலர்