சுந்தரத்துக்கு ஒரு பதில்

அன்புள்ள சுந்தரம்,

கடிதமும் பேத்தியின் காதுகுத்துப் படமும் வந்தன. ஆசாரியை அவள் முறைக்கிற முறைப்பு அப்படியே உன்னுடையது. இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டாலே தகராறு பண்ணுகிறது.

இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் உன் பேஸ்மேக்கரின் பேட்டரி தீரப்போகிறது, டாக்டர் மாற்றச் சொல்கிறார், ஆனால் "பேட்டரி இல்லாமல் இதயத் துடிப்பிலிருந்தே மின்சாரம் எடுத்து ஓடும் கருவி வந்துவிட்டதாமே, கொஞ்சம் பொறுத்தால் என்ன" என்று எழுதியிருக்கிறாய். பொறுக்காதே.

நீ படித்த செய்தி பொய்யில்லை. இதயம் சுமார் ஒரு வாட் அளவுக்கு உழைக்கிறது. பேஸ்மேக்கருக்கு அதில் லட்சத்தில் ஒரு பங்கு போதும். நம் வீட்டு அடுப்பு லைட்டரை அழுத்தினால் பொறி வருகிறதே, அதே தத்துவத்தில் வேலை செய்யும் மெல்லிய படலத்தை 2014-இல் அமெரிக்காவில் மாடு, ஆடு, பன்றி இதயங்களில் ஒட்டி மின்சாரம் எடுத்துக் காட்டினார்கள். 2019-இல் சீனாவில் ரத்த அழுத்தத்தை அளக்கும் இன்னொரு வகைக் கருவியைச் சுருட்டிக் குழாய் வழியே பன்றியின் இதய அறைக்குள்ளேயே விட்டார்கள். ரத்த அழுத்தம் ஏற ஏற அது தரும் மின்னழுத்தமும் ஏறும். ஆக மின்சாரமே அளவீடு. அளப்பதற்கென்று பேட்டரி வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அந்த அளவைக் கம்பியில்லாமல் வெளியே அனுப்பத்தான் கூடுதல் மின்சாரம் வேண்டும்.

ஆனால் எல்லாம் விலங்குகளில்! மனுஷனுக்குள் என்றால் அந்தக் கருவி வருஷத்துக்கு மூன்று கோடிக்கு மேல் மடங்கி நிமிர வேண்டும், ஒரு சொட்டு ஈரம் உள்ளே போகக் கூடாது, உறை கிழியக் கூடாது. பத்து வருஷம் அப்படித் தாங்குமா என்பதுதான் கேள்வி. பேப்பர்க்காரன் அதை எழுதமாட்டான்.

பேட்டரியே இல்லாமல் மனிதர்களுக்குள் இருப்பது கார்டியோமெம்ஸ் என்ற அழுத்தம் அளக்கும் கருவி. நுரையீரல் தமனிக்குள் வைப்பார்கள். ஆன்டெனா வைத்த தலையணையில் படுத்தால் வெளியிலிருந்து வரும் ரேடியோ அலையில் உயிர்பெற்று அழுத்தத்தைச் சொல்லும். மூச்சிரைப்பும் கால்வீக்கமும் வருமுன்பே தெரிந்துவிடும். அமெரிக்காவில் 2014-இல் அனுமதி கிடைத்தது. ஆனால் அது இதயச் செயலிழப்புக்காரர்களுக்கு, அதாவது இதயம் ரத்தத்தைப் போதுமான அளவு இறைக்க முடியாதவர்களுக்கு. உனக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்று ஒருவர். 1958-இல் உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைத்தது அவருக்குத்தான். அது சில மணி நேரத்திலேயே நின்றுபோனது. பிறகு இருபதுக்கும் மேல் மாற்றி, 86 வயதுவரை இருந்தார். நீ இரண்டாவதுக்கே முகம் சுளிக்கிறாய்!

இதயத்துக்குப் போகும் ஒயர்கள் நன்றாக இருந்தால் அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் பேட்டரி இருக்கும் பெட்டியை மட்டும்தான் மாற்றுவார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாயே, அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, நீயாக நிறுத்தாதே. தேதி முடிவானதும் போன் பண்ணு. இரண்டு நாள் முன்னாடியே வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறேன். தங்கச்சியிடம் எனக்கும் சேர்த்துச் சமைக்கச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்